பூட்டு உடையாத திருட்டு

"கள்ளன் பூட்டை உடைக்கல. சாவி போட்டுத் தொறந்து, உள்ள வந்திருக்கான்," என்றார் நிரோஷா டீச்சர்.

"அந்தச் சாவியைக் குடுத்தது யாருன்னுதான் நான் காலையிலேயே சொல்லிட்டேனே டீச்சர்," என்றேன் நான்.

சொல்லித்தான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்குப் பகல் இரண்டரை மணிக்கு நான் பெரிய ஆள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு கையில் பிளேன்டீயும் மறு கையில் ரோல்ஸுமாக நின்றுகொண்டிருந்தேன்.

நான் ஏழுமலை. வயது நாற்பத்து நாலு. பதினாறு வருடம் எஹலியகொடயிலிருந்து குருவிட்ட வழியாக இரத்தினபுரி போகிற பஸ்ஸில் கண்டக்டர். முழங்கால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடித்த பிறகு டீச்சரிடம் வேலைக்கு வந்து சேர்ந்தேன். டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கம்பியூட்டர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவர். இப்போது எஹலியகொட பஜாரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கடைக்காரர்களின் போன், கம்பியூட்டர், கேமரா எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கிறார். அவற்றுக்குள் எவனாவது புகுந்து எதையாவது களவெடுத்தால், அவன் புகுந்த வழியையும் கண்டுபிடிக்கிறார். வயதில் எனக்கு இளையவர். மூளையில் என் தாத்தாவுக்கே மூத்தவர். அவர் பையைத் தூக்குவது, ஆட்களைப் பேச வைப்பது, சிரிக்க வைக்கப் பகிடி விடுவது, இவைதான் என் வேலை. முதல் இரண்டுக்குச் சம்பளம் உண்டு. மூன்றாவது இலவசம்.

நாங்கள் நின்றிருந்தது புஷ்பவதி டெக்ஸில். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்தது. சனிக்கிழமை. தோட்டத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாக இறங்கி வந்து, கடைக்குள் காலை வைக்க இடமில்லாமல் இருக்க வேண்டிய நாள். அன்றைக்குக் கடையில் சுற்றிக்கொண்டிருந்தது மேலே இருந்த காற்றாடி மட்டும்தான்.

காரணம் ஊருக்கே தெரியும். கடைக்கு ஒரு பேஸ்புக் பேஜ் இருக்கிறது. எஹலியகொடயிலிருந்து புளத்கொகுபிட்டிய வரைக்கும் ஏழாயிரம் பேர், முக்கால்வாசி தோட்டத்துப் பெண்கள், அதில்தான் சேலை பார்ப்பார்கள், அதில்தான் ஓடர் கொடுப்பார்கள். முந்தின நாள் பின்னேரம் அந்தப் பேஜில் சேலைப் படங்கள் போய், சேலையே இல்லாத படங்கள் வந்துவிட்டன. வீடியோவும் இருந்தது. நான் முழுதாகப் பார்க்கவில்லை. சத்தியமாக.

"காலையில கோயிலுக்குப் போனேன் டீச்சர்," என்றார் முதலாளியம்மா புஷ்பவதி. கண் சிவந்திருந்தது. "தெரிஞ்ச பொம்பளைங்க ஒருத்தர்கூட மூஞ்சி பாக்கல. விபூதி வாங்காமலேயே வந்துட்டேன்."

"விடும்மா. நாலு மணிக்கு இதுக்கு ஒரு முடிவு வந்துரும்," என்றார் முதலாளி காளிதாஸ்.

அவர் சொன்ன முடிவு, மூலையில் ஒரு சேலைப் பெட்டியின் மேல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. தர்மிளா. இருபத்திரண்டு வயது. மேலே றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை. பேஜைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவள் அப்பா ஐயாவு றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். நாலு மணிக்கு வந்து மகளைக் கூட்டிப் போகச் சொல்லி முதலாளி தோட்டத்துக்குப் போன் அடித்துவிட்டார். வேலை போவது ஒரு பக்கம். இந்தப் படங்களை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளையைப் பஜாரிலிருந்து திருப்பி அனுப்பினால், லயத்தில் என்ன பேசுவார்கள் என்று சொல்லவா வேண்டும்? அதற்குப் பிறகு அவள் எந்தத் தோட்டத்தில், எந்த வீட்டு வாசலில் நிமிர்ந்து நடப்பாள்?

இதற்கெல்லாம் நெருப்பு வைத்தவன் நான். காலையில் முதலாளி, "பாஸ்வேர்ட் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்கும் தர்மிளாவுக்கும் மட்டுந்தான்," என்று சொன்னதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "முதலாளி, இந்தத் தர்மிளா ஒரு பையனோட பஸ் ஸ்டாண்டுல நின்னு கதைச்சத நான் மூணு தடவ கண்ணால பாத்தேன். கொழும்புக் கம்பியூட்டர் கம்பனி பேர் போட்ட சேட்டுப் போட்டிருந்தான். பதினாறு வருசம் பஸ்ஸுல பாத்தவன் நான். ஏறும்போதே ஆளோட மனசு எனக்குத் தெரியும்," என்றேன். கடையில் இருந்த நாலைந்து பேரும் ஆவென்று கேட்டார்கள். பஜார் முழுக்க அந்தக் கதை போய்ச் சேர அரை மணித்தியாலம்கூட எடுக்கவில்லை.

"முதலாளி, உங்க போனைக் குடுங்க," என்றார் டீச்சர்.

வாங்கிப் பார்த்தார். அவர் புருவம் ஏறியது. "வாசிக்காத மெசேஜ் இருநூத்திப் பதினாலு."

"டிங் டிங்னு அடிச்சுக்கிட்டே இருக்கும் டீச்சர். தீவாளி விளம்பரம்னு விட்டுட்டேன்."

"இது விளம்பரம் இல்ல. நேத்து ரெண்டு பத்துக்கு, 'புது போன்ல இருந்து உங்க பேஜுக்குள்ள ஒராள் வந்திருக்கு, நீங்களா'ன்னு கேட்டிருக்கு. ரெண்டு பதினாலுக்கு ஈமெயிலு. ரெண்டு பத்தொன்பதுக்குக் கடைக் கேமரா. மூணையும் மொத தடவையிலேயே சரியா அடிச்சு உள்ள போயிருக்கான். நீங்க ரெண்டு பத்துக்கே இத வாசிச்சு 'நான் இல்ல'ன்னு ஒரு தட்டுத் தட்டியிருந்தா, அதோட முடிஞ்சிருக்கும்."

முதலாளி மீசையைத் தடவினார்.

"நான் போட்டுக் குடுத்த ரெண்டாவது பூட்டு எங்க? உள்ள வரும்போதெல்லாம் உங்க போனுக்கு ஒரு நம்பர் வருமே?"

"ஒவ்வொரு தடவையும் நம்பர் வந்தா நான் கண்ணாடியத் தேடணும். கரைச்சல்னு எடுக்கச் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"தர்மிளாகிட்டத்தான்," என்றவர், கொஞ்சம் பொறுத்து, "எடுக்க வேணாம் முதலாளின்னு அவ சொன்னாதான்," என்று முணுமுணுத்தார்.

"பாத்தீங்களா அண்ணே?" என்று டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"அதெல்லாம் நடிப்பு டீச்சர். எங்க பஸ்ஸுல டிக்கட் எடுக்காதவன்தான் மொதல்ல 'மிச்சக்காசு தாங்க'ன்னு கத்துவான்."

"நாலாவதா ஒண்ணு இருக்கு," என்றார் டீச்சர், என்னைக் கண்டுகொள்ளாமல். "கஸ்டமருக்கெல்லாம் மெசேஜ் அனுப்புற கணக்கு. மூவாயிரம் பேரோட நம்பர் அதுக்குள்ளதான் இருக்கு. அசிங்கம் பண்ண வந்தவனுக்கு அதுதானே அல்வா? ரெண்டு இருபத்து மூணுக்கு ஒரு தடவ தட்டியிருக்கான். பிழை. ரெண்டு இருபத்து நாலுக்கு இன்னொரு தடவ. அதுவும் பிழை. அதோட விட்டுட்டான். தர்மிளா, இங்க வாம்மா. அந்த நாலாவதை அடி பாப்போம்."

பிள்ளை எழுந்து வந்தாள். கம்பியூட்டரைப் பார்க்கவேயில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே அடித்தாள். திறந்துகொண்டது.

"தெனம் அடிக்கிறது டீச்சர். கை தானாப் போகும்," என்றாள்.

"இவ குடுத்திருந்தா நாலையுமில்ல குடுத்திருப்பா?" என்றார் டீச்சர்.

"அவசரத்துல நாலாவதை மாத்திச் சொல்லியிருப்பா," என்றேன் நான். எனக்கு விட மனமில்லை.

"அண்ணே, கொஞ்சம் பின்னால போங்க. பின்னால எடம் இருக்கு."

பதினாறு வருடம் நான் சனங்களிடம் சொன்ன வார்த்தை. புஷ்பவதியம்மாகூட அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டார். நான் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"இந்த நாலும் எங்கயாவது எழுதி இருக்கா?" என்று டீச்சர் கேட்டார்.

"இருக்கு. நீங்கதானே, 'செவுத்துல ஒட்டாதீங்க, ஒரு கொப்பியில எழுதிப் பூட்டி வைங்க'ன்னீங்க?" புஷ்பவதியம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, மேசை லாச்சியைத் திறந்து, ஒரு நாற்பது பக்கக் கொப்பியை எடுத்தார். "சாவி என் இடுப்ப விட்டு எறங்கினதில்ல. இவரையேகூட தொட விடல."

டீச்சர் முதல் பக்கத்தைத் திறந்தார். மேலே பிள்ளையார் சுழி. அதற்கு மேலே சந்தனம், குங்குமம். கீழே நாலு வரி. முதல் வரி பேஜ், இரண்டாவது ஈமெயில், மூன்றாவது கேமரா, நாலாவது மெசேஜ் கணக்கு.

"அண்ணே, முன்னால வாங்க. இந்த வரிசையப் பாருங்க. பத்து, பதினாலு, பத்தொன்பது, இருபத்து மூணு. இவன் கொப்பியப் பாத்துத்தான், மேல இருந்து கீழ, ஒழுங்கா எறங்கி வந்திருக்கான்."

நான் ரோல்ஸை மேசையில் வைத்தேன். "அப்போ யாரோ லாச்சியத் தொறந்திருக்காங்க?"

"பொறுங்க." டீச்சர் பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நாலாவது வரியின் பின்பாதிக்கு மேல் எண்ணெய்க் கறை ஒன்று, பாதி வளையமாக. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்தார். "தாளிச்ச கடலை."

"ஐயோ, அது பூசைத் தட்டு டீச்சர்!" என்றார் புஷ்பவதியம்மா. "சரஸ்வதி பூசைக்கு வெச்ச கடலைத் தட்டுல இருந்து ஒழுகியிருக்கும்."

"பூசைக்கு இந்தக் கொப்பிய வெச்சீங்களா?"

"தொழிலுக்கு ஒழைக்கிறது எல்லாத்தையும் வெக்கிறதுதானே? கத்திரி, அளவு நாடா, பில் மிசின், போன், எல்லாம் வெச்சோம். இதுதானே இப்போ கடைக்கே சாவி? கண்ணுக்குத் தெரியாத கள்ளன்கிட்ட இருந்து அம்மாதானே காப்பாத்தணும்னு இதையும் வெச்சேன்."

"மூடியா? தொறந்தா?"

"மூடி வெச்சா அம்மா பார்வை எப்பிடி டீச்சர் உள்ள விழும்?"

டீச்சர் கொப்பியை மூடி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அம்மா பார்வை விழுந்திருக்கும். கூடவே வேற பார்வையும் விழுந்துருச்சு."

புஷ்பவதியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூசைக்கு இருபது பேராவது வந்திருப்பார்கள். டீச்சருக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. தர்மிளா தோட்டத்துக் கோயில் பூசைக்கு லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நான் வந்திருந்தேன், இரண்டு தடவை கடலை வாங்கிச் சாப்பிட்டேன். "அப்போ அந்த இருபது பேர்ல ஒராள்," என்றேன். "பேர் சொல்லுங்க முதலாளி, ஒவ்வொராளா நான் உலுக்குறேன்."

"இருபது பேர்ல ஒராள் இல்ல," என்றார் டீச்சர். "நேர்ல நின்னு களவாப் பாக்கிறவன், தட்டு மறைச்சா என்ன செய்வான்? கழுத்த நீட்டி எட்டிப் பாப்பான். இல்ல, தட்டத் தள்ளி வெப்பான். இவன் ரெண்டும் செய்யல. பாதி தெரிஞ்சத வெச்சு மிச்சத்த ஊகிச்சுப் பாத்திருக்கான். ஏன் எட்டிப் பாக்கல?"

"கழுத்து வலியா இருக்கும்."

"படத்துக்குள்ள எட்டிப் பாக்க ஏலாது அண்ணே."

இதற்காகத்தான் நான் இந்த மனுசியிடம் அரைச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன்.

"யாரோ பூசையப் படம் புடிச்சு எல்லாரும் பாக்கிற மாதிரிப் போட்டிருக்காங்க," என்றார் டீச்சர். "கள்ளன் எந்த நாட்டுல இருக்கானோ, அவனக் கண்டுபிடிக்கிறது நம்ம கையில இல்ல, முறைப்பாடு குடுப்போம். ஆனா படம் போட்ட ஆளக் கண்டுபுடிச்சாப் போதும், இந்தப் புள்ள மேல உள்ள பழி போயிரும். யார் யார் படம் புடிச்சது?"

"என் கை முழுக்கக் குங்குமம்," என்றார் புஷ்பவதியம்மா.

"நான் ஐயருக்குப் பக்கத்துல," என்றார் முதலாளி. "பக்கத்துக் கடை முக்தார் போனைக் கையில வெச்சிருந்தாப்ல ஞாபகம்."

மணி மூன்று. "அண்ணே, போய் முக்தார் தம்பிகிட்ட மெதுவாக் கேளுங்க. மெதுவா. நான் அதுக்குள்ள பாஸ்வேர்டெல்லாம் மாத்தி, பேஜை மீட்கிற வழியப் பாக்கிறேன்," என்றார் டீச்சர்.

மெதுவாவா? நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனேன். முக்தார் மணிக்கூடு திருத்துகிறவன். ஒற்றைக் கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணிக்கூட்டின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தான்.

"முக்தார், ஒன் போன எடு. பூசையில நீ என்னென்னா படம் புடிச்சே? ஒனக்கு விளையாட்டு, ஒரு கொமரியோட வாழ்க்கை போகுது."

"என்னா ஏழுமலண்ணே, பொலிஸ் மாதிரி வாறீங்க?" அவன் பதறாமல் போனை நீட்டினான். மூன்று படம். மூன்றிலும் ஆட்கள்தான். முதலாளி, ஐயர், பல்லைக் காட்டிக்கொண்டு நான்.

"சாமிக்கு முன்னால உள்ளதப் புடிக்கலையா?"

"நீங்க எங்க விட்டீங்க?" முக்தார் சிரித்தான். "'தள்ளுங்க, பின்னால போங்க, எடம் இருக்கு'ன்னு எல்லாரையும் தள்ளிட்டு, கதிரையில ஏறி நின்னு நீங்கதானே புடிச்சீங்க? மறந்துட்டீங்களா? புதுப் போன்னு எனக்கும் காட்டினீங்களே."

நான் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

இரண்டு கடைகளுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, காலிப் பெட்டிகள் போடுகிற இடம். அங்கே போய் நின்று போனைத் திறந்தேன். நான் எடுத்தது சாமிப் படம், அதில் கொப்பியும் விழுந்திருக்கும் என்று அதுவரை தோன்றவேயில்லை. எஹலியகொட பக்கத்து வியாபாரிகள் எல்லாரும் இருக்கிற ஒரு குழுவில்தான் போட்டிருந்தேன். யாரும் பார்க்கலாம், எங்கிருந்தும் பார்க்கலாம். எண்பத்து மூன்று லைக். மேலே என் கையால் நான் எழுதிய வசனம்: "புஷ்பவதி டெக்ஸ் சரஸ்வதி பூசை. எங்க டீச்சர் போட்டுக் குடுத்த பூட்டு இது. உலகத்துல எந்தக் கள்ளனாலயும் தொறக்க ஏலாது. சவால்!"

சவால் விட்டிருக்கிறேன். படத்தை விரலால் பெரிதாக்கினேன். குத்துவிளக்கு, கத்திரி, நாடா, அதன் பக்கத்தில் கொப்பி. முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி, பள்ளிக்கூடத்துப் புத்தகம் மாதிரி ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக. நாலாவது வரியில் பாதியைக் கடலைத் தட்டு மறைத்திருந்தது. நல்ல கேமரா என்று சொல்லித்தான் இந்தப் போனை எனக்கு விற்றார்கள். பொய் சொல்லவில்லை.

வெட்கம் என்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸில் சட்டையைப் பிடித்திருக்கிறார்கள், எல்லாரும் பார்க்கத் திட்டியிருக்கிறார்கள், துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இது வேறு. உடம்பெல்லாம் கூசியது. சாவியைக் கூரையில் ஏறி நின்று உலகத்துக்கே காட்டியவன் நான். காலையில் அதே வாயால், அன்றைக்கு அந்த இடத்திலேயே இல்லாத ஒரு பிள்ளையைக் காட்டிக்கொடுத்தவனும் நான்.

அந்தப் படத்துக்கு மேலே மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டேன். "அழிக்கவா?" என்று கேட்டது. கட்டைவிரல் அதற்கு மேலேயே நின்றது. யாருக்குத் தெரியும்? முக்தாருக்குக் கொப்பியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "யாரோ போட்டிருக்காங்க டீச்சர், கண்டுபிடிக்க ஏலல" என்று சொன்னால் முடிந்தது.

"பாத்துட்டீங்களா?"

சந்து வாயில் டீச்சர் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த போனிலும் அதே படம்.

"நீங்க அங்கிட்டுப் போனதும் கடைப் பேரப் போட்டுத் தேடினேன். மொதல்லயே வந்துச்சு," என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"டீச்சர்... அழிச்சிரட்டா?"

"அழிக்கத்தான் வேணும். அது அங்க இருக்கக் கூடாது. ஆனா உள்ள இருக்கிறவங்களுக்குக் காட்டிட்டு அழிங்க."

"நீங்களே சொல்லிருங்க டீச்சர். என் பேர் வேணாம். 'ஒரு படம்'னு மட்டும் சொல்லுங்க."

"சொல்லலாம். அப்போ அந்தப் படத்த எடுத்ததும் அவ கூட்டாளின்னு நாளைக்குப் பஜார் சொல்லும். காலையில நீங்க சொன்ன கதைய நீங்க இல்லாம வேற யாராலயும் திருப்பி எடுக்க ஏலாது அண்ணே."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

நான் உள்ளே போனபோது மணி நாலாகக் கால் மணித்தியாலம் இருந்தது. ஐயாவு வந்துவிட்டார். படிக்கட்டுக்குக் கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலுக்கு உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். நல்லது கெட்டதுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. நகக்கண்ணெல்லாம் றப்பர் பால் காய்ந்த கறுப்பு. குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், அது குளித்தால் போகிற கறுப்பு இல்லை.

"உள்ள வாங்க ஐயாவு," என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்க முதலாளி. இங்கயே நிக்கிறேன்." கையைக் கூப்பினார். "தப்பு நடந்திருந்தா மன்னிச்சுக்குங்க. தாயில்லாத புள்ள. நான் சரியா வளக்கல. பொலிசு கிலிசுன்னு மட்டும் போயிராதீங்க."

"அப்பா! நான் ஒண்ணுமே செய்யலப்பா," என்று தர்மிளா கத்தினாள்.

"நீ பேசாம இரு. கண்ணால பாத்தவங்க சொல்றாங்க." அப்போதுதான் அவர் என்னைக் கண்டார். முகம் ஒரு நிமிடம் மலர்ந்தது. "அண்ணே, நீங்களா பாத்தது? நீங்க பாத்திருந்தா சரியாத்தான் இருக்கும். ஒங்க பஸ்ஸுல ஏத்தி விட்டுத்தானே இவளப் பள்ளிக்கூடம் அனுப்புனேன். ஒங்கள நம்பித்தானே அனுப்புனேன்."

சொல்லிக்கொண்டே அந்த மனுசன், வாசலுக்கு வந்து நின்ற முதலாளியின் காலைத் தொடக் குனிந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தியது நான்தான். கடையே திரும்பியது. "தொடாதீங்க ஐயாவு அண்ணே. மன்னிப்புக் கேக்க வேண்டியது நான்."

எப்போதும் என் வாயில் ஒரு பகிடி தயாராக இருக்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. போனை நீட்டினேன். கதிரையில் ஏறி நின்று படம் எடுத்ததிலிருந்து, சவால் விட்டதிலிருந்து, சந்தில் நின்று அழிக்கப் பார்த்தது வரைக்கும் சொன்னேன். பஸ் ஸ்டாண்ட் கதையையும் சொன்னேன். "ஒரு பையனோட நின்னு கதைச்சா. அவ்வளவுதான் நான் பாத்தது. மிச்சமெல்லாம் என் வாய்."

"அந்தப் பையன் தனுஷன்," என்றாள் தர்மிளா. "எங்க பெரியம்மா மகன். எனக்கு அண்ணன். அவன் கம்பனியில எனக்கு ஒரு கோர்ஸ் இருக்குன்னு ஃபார்ம் கொண்டாந்து குடுத்தான். ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

"தனுஷனா?" என்றார் ஐயாவு. நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி போனை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டீச்சரிடம் கொடுத்தார், அவர் அந்தப் படத்தை அழித்தார். "கொப்பியத் தொறந்து வெச்சது நான்தானே," என்று புஷ்பவதியம்மா அழ ஆரம்பித்தார். "ரெண்டாவது பூட்டக் கழட்டச் சொன்னது நான்," என்றார் முதலாளி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"பூட்டி வைங்கன்னு மட்டுந்தான் நானும் சொன்னேன்," என்றார் டீச்சர். "எதுக்காகவும், சாமிக்காகவும் வெளியில எடுக்காதீங்கன்னு சொல்லல. எனக்கும் இதுல பங்கு இருக்கு."

தன் பங்கு என்று சொல்ல எதுவுமே இல்லாத ஒரே ஆள், சேலைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. பேஜ் நாளைக்குள்ள திரும்பி வந்துரும்னு டீச்சர் சொல்றாங்க. அது வரைக்கும் அந்த வியாபாரிகள் குழுவுல ஒரு விளக்கம் போடணும். தர்மிளா, நீ வழக்கமா எழுதுற மாதிரி அழகா எழுதும்மா. ஏதோ தொழில்நுட்பக் கோளாறுன்னு."

"நான் எழுத மாட்டேன் முதலாளி," என்றாள் தர்மிளா. சத்தம் போடாமல், ஆனால் நேராகப் பார்த்துச் சொன்னாள். "கோளாறு இல்லையே. படம் போட்டவரு எழுதட்டும்."

எழுதினேன். டிக்கட் கிழித்த கை, நாலு வரி எழுத இருபது நிமிடம் எடுத்தது. ஐயாவு படியிலிருந்து, "என்னம்மா எழுதியிருக்காரு? எனக்கு இந்தப் பொடி எழுத்து தெரியாது," என்று கேட்டார். தர்மிளா என் கையிலிருந்து போனை வாங்கினாள். அப்பாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்க வாசித்தாள். ஐயாவு நிலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"'நான் ஏழுமலை. புஷ்பவதி டெக்ஸ் பேஜ் களவு போனதற்கு நான்தான் காரணம். கடையின் பாஸ்வேர்ட் தெரிகிற படத்தை நான் இந்தக் குழுவில் போட்டேன். அது தெரியாமல், கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணின் மேல் நான் பொய்யாகப் பழி சொன்னேன்.'"

அந்த இடத்தில் நிறுத்தினாள். போனை என்னிடம் நீட்டினாள்.

"ஒரு பொண்ணு இல்லண்ணே. காலையில என் பேரச் சொல்லித்தானே சொன்னீங்க? பஜார் முழுக்க என் பேரோடதானே போச்சு? இதுலயும் என் பேரு இருக்கட்டும்."

'ஒரு பெண்' என்பதை அழித்தேன். 'தர்மிளா' என்று அடித்தேன்.

"அப்பா பேரும்."

'ஐயாவு மகள் தர்மிளா' என்று அடித்துக் காட்டினேன். பார்த்தாள். தலையை ஆட்டினாள். போட்டேன்.

வெளியே நாலைந்து பேர் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முக்தாரும் கண்ணாடியைக் கழற்றாமலேயே வந்து நின்றான். ஐயாவு எழுந்து மகள் பக்கம் வந்தார். கை அவள் தலை வரைக்கும் போய், தொடாமல் பாதியில் நின்றது. "போதும்மா. வெளங்கிருச்சு. வா, போவோம்," என்றார்.

"இல்லப்பா. முழுசா இன்னொரு தடவ வாசிக்கிறேன்," என்றாள் தர்மிளா. "இந்தத் தடவ நிலத்தப் பாக்காம, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கேளுங்க."

அவள் முதலிலிருந்து வாசித்தாள்.